மஜ்ஜை துளிர்க்கும் வரை

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் காலை ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, நாகா மிடோரி என்னும் நாடக நடிகை குண்டு வெடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஒரு வீட்டினுள் இருந்தார். வீடு சரிந்து விழுந்தது. இடிபாடுகளிலிருந்து வெளியேறிய அவருடைய உடலில் பெரிய காயம் ஏதுமில்லை. சில நாள்களில் தொடர்வண்டி ஏறித் தோக்கியோ வந்து சேர்ந்தார். ஆகஸ்டு 16ஆம் நாள் அங்குள்ள பேரரசுப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தலைமுடி உதிர்ந்தது; காய்ச்சல் ஏறியது; இரத்தத்தின் வெள்ளணுக்கள் நாளுக்கு நாள் அருகின. ஆகஸ்டு 24 அன்று அவர் உயிர் பிரிந்தது. அணுகுண்டின் கதிர்வீச்சு நோயால் நேர்ந்ததென மருத்துவர்கள் பெயரிட்டுப் பதிவு செய்த முதல் மரணம் அவருடையதே என்பர்.

அவரை ஆராய்ந்த அறுவை மருத்துவர் மசாவோ ட்சுசுகிக்கு இந்த அறிகுறிகள் முற்றிலும் புதியவை அல்ல. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்தபோது, முயல்களின்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அவற்றின் உள்ளுறுப்புகளில் நேரும் அழிவை அவர் ஆராய்ந்திருந்தார். முயலிடம் கண்டதை மனிதரிடமும் கண்டார். நோய் இன்னதென்று அவரால் சொல்ல முடிந்தது. ஆனால், கொடுப்பதற்கு அவரிடம் மருந்து எதுவும் இல்லை. அந்த மருந்தைத் தேடிய முயற்சியின் வரலாறு முக்கால் நூற்றாண்டு நீளமுடையது, இன்னும் முடியாதது.

ஒரு மிடறு தேநீரின் வெப்பம்

உடல் ஏற்கும் கதிர்வீச்சு 'கிரே' என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு கிரே. உடல் முழுவதும் ஏறத்தாழ 4 கிரே அளவு கதிர்வீச்சைக் குறுகிய நேரத்தில் ஏற்றவர்களில், மருத்துவ உதவி கிடைக்காவிடில், பாதிப் பேர் இரண்டு மாதத்திற்குள் இறந்துவிடுவர். இந்த ஆற்றல் எவ்வளவு என்று கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். அது மனித உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியசில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே உயர்த்தும். சூடான தேநீரை ஒரு சிறு மிடறு பருகினாலும் அவ்வளவு வெப்பம் உடலுக்குள் சேரும்.

ஆகவே, கொல்வது வெப்பம் அன்று. கதிர்வீச்சு செல்லுக்குள் நுழைந்து நேரடியாகவும், அங்குள்ள நீர் மூலக்கூறுகளைச் சிதைப்பதன் வழியாகவும் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. இழை அறுந்த செல் உடனே மடிவதில்லை. இரண்டாகப் பிரிய முற்படும்போதுதான் பெரும்பாலும் மடிகிறது. ஓயாது பிரிந்து பெருகும் செல்களே கதிர்வீச்சுக்கு எளிதில் இரையாகின்றன என்பதைப் பெர்கோனியே, திரிபோந்தோ என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் 1906ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தனர். பிரிதலை ஏறத்தாழ நிறுத்திவிட்ட நரம்புச் செல்களும் தசைச் செல்களும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். எலும்பு மஜ்ஜை, குடலின் உட்சுவர், தோலின் அடியடுக்கு, முடியின் வேர் ஆகியவை தாங்குவதில்லை.

இந்நோயின் கொடுமையான இயல்பும் இதிலிருந்தே பிறக்கிறது. கதிர்வீச்சுக்கு உள்ளானவர் முதலில் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கிறார், சோர்ந்து படுக்கிறார். ஓரிரு நாளில் தெளிந்து எழுந்துவிடுகிறார். தொடர்ந்து வரும் சில நாள்களோ வாரங்களோ அவர் நலமாகவே தோன்றுகிறார். உண்மையில், ஏரிக்கு நீர் கொணரும் வாய்க்கால் அடைபட்டுவிட்டது; ஏரியில் எஞ்சிய நீரைக் கொண்டு பாசனம் நடந்துகொண்டிருக்கிறது. இரத்த அணுக்களின் ஊற்று எலும்பு மஜ்ஜை. வெள்ளணுக்களுள் கிருமியை எதிர்த்து முன்னிற்கும் வகையின் வாழ்நாள் மிகக் குறுகியது. குருதியை உறையச் செய்யும் தட்டணுக்கள் எட்டு முதல் பத்து நாள் வாழும். சிவப்பணுக்களோ 120 நாள் வரை வாழும். ஊற்று வற்றியபின் இவை இந்த வரிசையிலேயே தீர்கின்றன. அப்போது சிறு கிருமியும் பெருநோயாகிறது. பல் ஈறிலும் குடலிலும் இரத்தம் கசிகிறது.

ஆயினும், மஜ்ஜையின் அடிப்படையான குருத்தணுக்களுள் ஒரு சிலவேனும் பிழைத்திருந்தால், அவை சில வாரங்களில் பெருகி ஊற்றை மீண்டும் திறந்துவிடும். அதுவரை உயிர் தங்க வேண்டும். கதிர்வீச்சு நோய் மருத்துவம் பெரும்பாலும் இந்தச் சில வாரங்களைப் பற்றியதே.

எலிகள் கற்பித்தவை

1949ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்திலிருந்து இருவேறு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று, வருமுன் காக்கும் வழியைக் காட்டியது. சிஸ்டீன் என்னும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலத்தை முன்னதாகச் செலுத்திவிட்டு எலிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் அவற்றுள் பல பிழைப்பதை ஹார்வி பாட் என்பவரின் குழு கண்டது. கதிர்வீச்சுக்குப் பின் செலுத்தினால் பயனில்லை. சிதைந்த நீர் மூலக்கூறுகள் டி.என்.ஏ.வைத் தாக்குவது கண்ணிமைக்கும் நேரத்தினும் மிகக் குறுகிய பொழுதில் முடிந்துவிடுவதே காரணம். அமெரிக்கப் படைத்துறையின் வால்டர் ரீடு ஆய்வு நிறுவனம் இவ்வழியைப் பின்பற்றி நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களை ஆராய்ந்தது. அவற்றுள் தேறிய அமிஃபோஸ்டின் என்னும் மருந்து, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் பெறுவோரின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காக்க இன்றும் பயன்படுகிறது. அம்மருத்துவம் எந்நேரத்தில் நிகழும் என்பது முன்பே தெரியும். விபத்து அவ்வாறு நாள் குறித்து வருவதில்லை. மேலும், இம்மருந்து குமட்டலையும் இரத்த அழுத்தக் குறைவையும் உண்டாக்குவதால் வெறும் ஐயத்தின்பேரில் எவருக்கும் கொடுக்கவும் முடியாது.

இரண்டாம் ஆய்வு லியோன் ஜேக்கப்சன் என்பவருடையது. எலியின் மண்ணீரலும் இரத்த அணுக்களை உருவாக்கும் இடமாகும். அவர் எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு, எஞ்சிய உடல்மீது உயிர்போக்கும் அளவு கதிர்வீச்சைச் செலுத்தினார். எலிகளுள் பெரும்பாலானவை பிழைத்தன. 1951இல் எகான் லோரென்சு குழுவினர் கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகளுக்கு நலமான எலிகளின் மஜ்ஜையை ஊசிவழிச் செலுத்திக் காத்தனர்.

காத்தது எது என்பதில் அறிஞரிடையே சில ஆண்டுகள் கருத்து வேறுபாடு நிலவியது. மண்ணீரலும் மஜ்ஜையும் ஏதோ ஒரு சாற்றைச் சுரக்கின்றன, அதுவே உடலைத் தேற்றுகிறது என்றனர் ஒரு சாரார். உயிருள்ள செல்களே குடியேறிப் பெருகுகின்றன என்றனர் மற்றொரு சாரார். இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வாளர்கள் 1956இல் வழக்கைத் தீர்த்தனர். அடையாளம் காணத்தக்க குரோமோசோம் உடைய எலிகளின் மஜ்ஜையை அவர்கள் பிற எலிகளுக்குச் செலுத்தினர். பிழைத்த எலிகளின் மஜ்ஜையில் பிரிந்துகொண்டிருந்தவை அந்த அடையாளமுடைய செல்களே. 1961இல் கனடாவின் டொரோண்டோ நகரில் ஜேம்சு டில், எர்னஸ்டு மெக்குல்லோ என்னும் இருவர், மஜ்ஜை செலுத்தப்பட்ட எலிகளின் மண்ணீரலில் சிறு முடிச்சுகளைக் கண்டு எண்ணினர். அவை ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்லின் வழித்தோன்றல். குருத்தணு என்பது கருத்தளவில் இருந்து எண்ணிக்கைக்குள் வந்தது அப்போதுதான்.

அணுகுண்டைக் குறித்த அச்சத்தால் தொடங்கிய இந்த ஆய்வுகளின் பெரும்பயனைப் பெற்றவர்கள் இரத்தப் புற்றுநோயாளர்களும் பிறவி இரத்தக் குறைபாடுடைய குழந்தைகளுமே. மஜ்ஜை மாற்று மருத்துவத்தை மனிதருக்கு ஏற்றதாக்கிய டொனால் தாமசு 1990இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இம்மருத்துவம் நடைபெற்றுவருகிறது.

வின்சாவும் செர்னோபிலும்

எலியில் வென்றது மனிதரிடம் வெல்லுமா என்னும் வினா எதிர்பாராத வகையில் எழுந்தது. 1958ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், அன்றைய யூகோசுலாவியாவின் பெல்கிரேடு நகருக்கு அருகிலுள்ள வின்சா ஆய்வு நிலையத்தில் சிறிய அணு உலை ஒன்று கட்டுப்பாட்டை மீறியது. அங்கிருந்த ஆறு பேர் கடும் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்கள் பாரிசு நகருக்கு வானூர்தியில் கொண்டுசெல்லப்பட்டனர். மருத்துவர் ஜார்ஜ் மத்தே அவர்களுள் ஐவருக்குப் பிறருடைய மஜ்ஜையைச் செலுத்தினார். கொடுத்தவர்கள் முன்பின் அறியாத பிரெஞ்சு மக்கள். எலும்பைத் துளைத்து மஜ்ஜை எடுப்பதால் தமக்கு என்ன தீங்கு நேரும் என்று உறுதியாகச் சொல்ல எவரும் இல்லாத காலத்தில் அவர்கள் அதற்கு இசைந்தனர். ஐவருள் ஒருவர் இறந்தார். நால்வர் ஊர் திரும்பினர். ஆயினும், சில மாதங்களில் புகுத்தப்பட்ட செல்கள் மறைந்து, நோயாளிகளின் சொந்த மஜ்ஜையே மீண்டிருந்தது. ஒட்டு அவர்களைக் காத்ததா, அல்லது ஒட்டு இல்லாமலும் பிழைத்திருப்பார்களா என்பதில் மருத்துவர்கள் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. மஜ்ஜை செலுத்தப்படாத ஆறாமவரும் பிழைத்தார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

விடை 1986இல் கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை பெரிது. ஏப்ரல் 26ஆம் நாள் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. தீயணைப்பு வீரரும் நிலைய ஊழியருமாக 134 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் 28 பேர் நான்கு மாதத்திற்குள் இறந்தனர். மிகக் கடுமையாகத் தாக்குண்டவர்கள் மாஸ்கோவின் ஆறாம் எண் மருத்துவமனையில் வைக்கப்பட்டனர். கதிர்வீச்சு நோயாளரை 1950களிலிருந்தே கண்டுவந்த ஆஞ்செலினா குஸ்கோவா அங்கே மருத்துவக் குழுவை வழிநடத்தினார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கேல் உதவிக்கு வந்தார். 13 பேருக்கு மஜ்ஜை மாற்று செய்யப்பட்டது. பெரும்பாலோர் இறந்தனர். பிழைத்த மிகச் சிலரிடமும் ஒட்டு நிலைக்கவில்லை. அவர்களுடைய சொந்த மஜ்ஜையே துளிர்த்தது.

விபத்தில் கதிர்வீச்சு உடல் முழுவதும் ஒரே சீராகப் படுவதில்லை. சுவரோ, பொறியோ, உடன் நின்றவரின் உடலோ ஏதேனும் ஒரு பகுதியை மறைத்திருக்கும். ஜேக்கப்சனின் எலிக்கு ஈயத்தகடு செய்த உதவியை மனிதருக்குத் தற்செயல் செய்துவிடுகிறது. எங்கோ ஓர் இடுப்பெலும்பின் மூலையில் சில குருத்தணுக்கள் எஞ்சியிருக்கக்கூடும். அந்நிலையில் அயலார் மஜ்ஜையைப் புகுத்தினால், அது புதிய உடலையே பகையாகக் கருதித் தாக்கவும் கூடும். செர்னோபில் நோயாளரில் பலருடைய உயிரைப் பறித்ததில் தோலின் பரந்த புண்களுக்கும் பெரும் பங்கு உண்டு. மஜ்ஜையை மாற்றினால் அவை ஆறுவதில்லை. பலரைக் காத்தவை நுண்ணுயிர் புகாத அறைகளும், நோய்க்கிருமி எதிர் மருந்துகளும், பிறர் கொடையளித்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துச் செலுத்திய தட்டணுக்களுமே. வியப்பூட்டும் அறுவை எதுவும் இல்லாத, செவிலியரின் இரவுபகல் உழைப்பைச் சார்ந்த இம்மருத்துவம் செய்தித்தாள்களில் அவ்வளவாக இடம்பெறவில்லை.

துளிர்ப்பை விரைவுபடுத்துதல்

சொந்த மஜ்ஜையே மீளுமாயின், மீளும் நாளை முன்கொணர முடியுமா? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் டொனால்டு மெட்காஃப் 1960களின் இடையில் மஜ்ஜைச் செல்களை அகர் கூழில் வளர்த்துவந்தார். ஏதோ ஒரு பொருள் உடன் இருந்தால் மட்டுமே அவை கூட்டங்கூட்டமாகப் பெருகின. அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அது ஒன்றல்ல, ஒரு குடும்பம் என்பதும் தெரியவந்தது. அவற்றுள் ஒன்று, வெள்ளணுக்களைப் பெருக்கும் ஜி-சி.எஸ்.எஃப். என்னும் புரதம். ஃபில்கிராஸ்டிம் என்னும் மருந்தாக 1991இல் இது அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய் மருந்துகளால் வெள்ளணு குறைந்தோருக்கு உலகெங்கும் இது கொடுக்கப்படுகிறது.

கதிர்வீச்சு நோய்க்கும் இது பயன்படும் என்று கருத இடமிருந்தது. ஆனால், எவ்வாறு மெய்ப்பிப்பது? ஒரு மருந்தைப் பரிசோதிக்க வேண்டுமாயின் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்குப் போலி மருந்தும் அளித்து ஒப்பிடுவது வழக்கம். கதிர்வீச்சு நோயாளிகளோ பல ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒரு சிலராக, நிலமும் மொழியும் அளவும் வேறுபட்ட இடங்களில் தோன்றுகின்றனர். நலமாக உள்ளோரைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது கொலைக்கு ஒப்பாகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002இல் இதற்கென ஒரு விதியை வகுத்தது. மனிதரில் சோதிப்பது அறத்துக்கு மாறாக உள்ள இடத்தில், மருந்தின் பயனை மனிதரைப் போன்றே நோயுறும் விலங்குகளில் மெய்ப்பிக்கலாம். மருந்து தீங்கற்றது என்பதை மட்டும் மனிதரில் காட்ட வேண்டும்.

அதன்படி நடந்த சோதனையில் 46 ரீசஸ் குரங்குகள், ஏறத்தாழ பாதி இறந்துவிடும் அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்தப்பட்டன. மருந்து பெறாத 22 குரங்குகளில் 13 இறந்தன. மறுநாள் முதல் ஃபில்கிராஸ்டிம் பெற்ற 24 குரங்குகளில் 5 இறந்தன. இந்த எண்களின் அடிப்படையில் 2015 மார்ச்சு மாதம் கதிர்வீச்சு நோய்க்கு அம்மருந்து ஒப்புதல் பெற்றது. பிழைக்க வேண்டிய மனிதர்களுக்காக இறந்த அந்த விலங்குகளை எண்ணும்போது மகிழ்ச்சி குறைகிறது. வேறு வழி எதுவும் இதுவரை புலப்படவில்லை. ஃபில்கிராஸ்டிமை அடுத்து அதே இனத்தைச் சேர்ந்த வேறு சில மருந்துகளும், 2021இல் தட்டணுக்களைப் பெருக்கும் ரோமிப்லோஸ்டிமும் ஒப்புதல் பெற்றன. இவை அனைத்தும் வேறு நோய்களுக்கென முன்பே விற்பனையில் இருந்தவை. என்றோ ஒருநாள், அதுவும் வாராதிருக்க வேண்டும் என்று எல்லாரும் விரும்பும் நாளில் மட்டுமே தேவைப்படும் மருந்தைப் புதிதாக உருவாக்க எந்த வணிக நிறுவனமும் எளிதில் முன்வருவதில்லை.

இம்மருந்துகளின் எல்லையும் தெரிந்ததே. 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் தோக்காய்முரா அணு எரிபொருள் ஆலையில் யுரேனியக் கரைசலை வாளியால் தொட்டியில் ஊற்றியபோது அணுவினை தொடங்கிவிட்டது. கடுமையாகத் தாக்குண்ட இருவருள் ஒருவருக்கு உடன்பிறந்தவரின் குருத்தணுக்களும், மற்றவருக்குத் தொப்புள்கொடி இரத்தத்தின் குருத்தணுக்களும் செலுத்தப்பட்டன. முதலாமவரின் உடலில் புதிய இரத்த அணுக்கள் தோன்றின. மருத்துவர்கள் நம்பிக்கை கொண்டனர். ஆனால், தோல் புதுப்பிக்கப்படவில்லை. குடலின் உட்சுவர் உரிந்துபோயிற்று. அவர் 83 நாள்களும் மற்றவர் 211 நாள்களும் போராடி இறந்தனர். குடலைக் காக்கும் மருந்து ஆய்வகங்களில் இன்றும் தேடப்பட்டுவருகிறது.

ஒளிரும் தூள்

கதிர்வீச்சுப் பொருளே உடலுக்குள் புகுந்துவிட்டால் சிக்கல் வேறு. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடம் ஒன்றிலிருந்து கதிர்வீச்சு மருத்துவக் கருவியின் பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டுப் பழைய இரும்புக் கடைக்கு விற்கப்பட்டது. உள்ளிருந்த சீசியம்-137 தூள் இருளில் நீல ஒளி வீசியது. அதன் அழகில் மயங்கியோர் உறவினருக்குப் பகிர்ந்தனர், உடலில் பூசிக்கொண்டனர். வாந்தியும் புண்ணுமாக வந்தவர்களை வெப்பமண்டல நோய் கண்டவர்களாகவே மருத்துவர்கள் முதலில் கருதினர். இரண்டு வாரம் கழித்தே உண்மை வெளிப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் விளையாட்டு அரங்கில் சோதிக்கப்பட்டனர். நால்வர் இறந்தனர்.

அங்கே கைகொடுத்தது ஓவியர் பயன்படுத்தும் ஒரு நீல வண்ணம். பிரஷ்யன் நீலம் என்னும் அப்பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவானது. சீசியம் குடலுக்குள் சுரந்து, மீண்டும் இரத்தத்தில் உறிஞ்சப்படும் தன்மையுடையது. விழுங்கப்பட்ட நீலப்பொருள் குடலிலேயே அதைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேற்றிவிடுகிறது. உடலில் சீசியம் பாதியாகக் குறைய ஏறத்தாழ 110 நாள் ஆகும் என்றால், இம்மருந்து அதை ஏறத்தாழ 30 நாளாக்குகிறது. கோயானியாவில் 46 பேர் இதனைப் பெற்றனர். ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் மருந்து வேறு. அயோடின் மாத்திரை கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் சேர்வதை மட்டுமே தடுக்கும். சீசியத்தையோ வெளியிலிருந்து வரும் கதிரையோ அது ஒன்றும் செய்யாது. அணு விபத்துச் செய்தி வந்ததும் அம்மாத்திரையைத் தேடி ஓடுவோர் பலர் இதை அறிவதில்லை.

இந்தியாவிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. 2010ஆம் ஆண்டு பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பயனற்றுக் கிடந்த கோபால்ட்-60 கருவி ஏலம்போய், தில்லி மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் உடைக்கப்பட்டது. தோல் கருத்து நோயுற்று வந்த ஒருவரைக் கண்ட மருத்துவமனை கதிர்வீச்சை ஐயுற்றுச் சொன்ன பின்னரே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அலுவலர்கள் அளவுகருவிகளுடன் சந்தைக்கு வந்தனர். தொழிலாளர் ஒருவர் ஏப்ரல் 26 அன்று இறந்தார்; தற்செயலாக அது செர்னோபில் வெடித்த நாள். மேலும் சிலர் மருத்துவம் பெற்றுத் தேறினர்.

ஃபில்கிராஸ்டிம் போன்ற மருந்தை விரைவாகத் தொடங்குவதே நன்று. அதற்கு நோயை விரைவாக அறிய வேண்டும். அறிவதற்கு அரிய கருவி எதுவும் தொடக்கத்தில் தேவையில்லை. வாந்தி எத்தனை மணி நேரத்தில் தொடங்கியது என்பதே முதற்குறிப்பு. முன்னதாகத் தொடங்கினால் ஏற்ற அளவு மிகுதி. அடுத்தது, வெள்ளணுக்களுள் ஒரு வகையான லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை. கதிர்வீச்சுக்குப் பின் இரண்டு நாளுக்குள் அது சரியும் வேகமே பாதிப்பின் அளவைக் காட்டிவிடும். சில மணி நேர இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்து எண்ண வேண்டும். வட்ட மருத்துவமனையின் ஆய்வகத்திலும் இதைச் செய்யலாம். ஆனால், எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். காய்ச்சலும் வாந்தியும் ஆறாத புண்ணுமாக வரும் இரும்புக்கடைத் தொழிலாளியிடம், அண்மையில் எதை உடைத்தீர்கள் என்று மருத்துவர் கேட்க வேண்டும்.